இடது கட்டைவிரல்

படப்பையிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் மனைப்பிரிவுகளுக்கு நடுவே ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. அங்கே நான் மருந்தாளுநர். அதற்கு முன் படப்பையில் ஒரு மருந்துக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். இங்கே வந்ததும் எனக்குக் கிடைத்த வேலை, நாற்பது பேருக்கு மூன்று வேளை மாத்திரைகளைச் சின்னச் சின்னக் கிண்ணங்களில் பிரித்து வைப்பது. அந்த நேரத்தில் யாராவது என்னிடம் பேச்சுக் கொடுத்தால் வள்ளென்று விழுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எண்ணிக்கை தப்பிவிடுமோ என்ற பயம்தான் காரணம் என்று சொல்லிக்கொள்வேன், பாதி உண்மை.

அதனால் மாத்திரை மிஷின் வருகிறது என்றதும் முதலில் சந்தோஷப்பட்டவள் நான்தான். பிரிட்ஜ் உயரத்தில் வெள்ளையாக ஒன்று சாப்பாட்டுக் கூடத்தின் ஓரத்தில் வந்து நின்றது. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வேளைக்கும் உரிய மாத்திரைகளைச் சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு, பெயரையும் வேளையையும் அச்சடித்து உள்ளே வைத்திருக்கும். சம்பந்தப்பட்டவர் வந்து கட்டைவிரலை வைத்தால் திரையில் அவர் முகம் தெரியும், உறை கீழே விழும், பச்சை விளக்கு எரியும். பிள்ளைகளின் போனுக்கு 'உங்கள் அம்மா மாத்திரை எடுத்துக்கொண்டார்' என்று செய்தி போகும். அரை மணி நேரம் தாமதமானால் சிவப்பு. சிவப்பும் போனுக்குப் போகும்.

எடுத்துக்கொண்டார் என்றால் விழுங்கினார் என்று மிஷினுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. உறை விழுந்தது மட்டும்தான் அதற்குத் தெரியும். இது எனக்கு முதல் நாளே உறைத்தது. நான் வாயைத் திறக்கவில்லை. கிண்ணம் கிண்ணமாகப் பிரிக்கும் வேலை போன நிம்மதி அப்படி.

சோதனைக்கு வருகிறவர்கள் சமையலறையைப் பார்ப்பார்கள், லிஃப்டைப் பார்ப்பார்கள், தீயணைப்பு சிலிண்டரில் தேதி பார்ப்பார்கள். மருந்துப் பிரிவிலிருந்து வந்தவர் பிரிட்ஜில் இன்சுலின் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டார். மிஷின் முன்னால் நின்று, "இது எங்க கணக்குல வராதும்மா" என்றார். முதியோர் இல்லங்களைப் பார்க்கும் துறையிலிருந்து வந்தவர், "இது மருந்து சமாச்சாரம், அவங்கதான் பார்க்கணும்" என்றார். யாருடைய கோப்பிலும் அதற்கென்று ஒரு பக்கம் இல்லை. ஒரு மின்விசிறிக்கு இருக்கிற தர முத்திரைகூட அது செய்கிற வேலைக்கு இல்லை.

எங்கள் மேலாளர் அதற்கு முன் கார் உதிரிபாகக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவர். கம்பெனி வாசல்களில் 'விபத்தில்லாத நாட்கள்' என்று ஒரு பலகை இருக்குமே, அதே போல எங்கள் வரவேற்பறையில் ஒன்று மாட்டினார். 'தவறாத நாட்கள்' என்று தலைப்பு. ஒரே ஒரு சிவப்பு வந்தாலும் எண் பூஜ்யத்துக்குப் போய்விடும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சேர்க்க வருகிறவர்கள் தேர்ச்சிப் பலகையைப் பார்ப்பது போல, பெற்றோரைச் சேர்க்க வருகிறவர்கள் அந்தப் பலகையைத்தான் முதலில் பார்த்தார்கள்.

அந்தப் பலகையை அடிக்கடி பூஜ்யமாக்கியவர் ஹாஸ்டலம்மா. சுங்குவார்சத்திரத்தில் கம்பெனிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டலில் பல வருஷம் மூன்று ஷிப்டுக்கும் சமைத்துப் போட்டவர். அதனால் அந்தப் பெயர். ஒரே மகன், எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் உற்பத்தி லைனில் வேலை. அம்மாவுக்கு ரத்த அழுத்தம், சிறுநீரகம் கொஞ்சம் பலவீனம், சர்க்கரை கிடையாது. சூடான இட்லித் தட்டும் சாம்பல் போட்டுத் தேய்த்த குண்டான்களும் அவர் விரல் ரேகையை வழித்து எடுத்திருந்தன. மிஷின் மூன்று தடவை முயன்றுவிட்டுச் சிவப்பைக் காட்டும்.

"இன்னா கண்ணு இது, ரேஷன் கடையிலதான் கை வெச்சா எடுக்க மாட்டேங்குதுன்னா, மாத்திரை துன்றதுக்குமா?" என்பார்.

நர்ஸ் ரகசிய எண்ணைப் போட்டு உறையை எடுத்துக் கொடுக்கலாம். ஆனால் அதையும் மிஷின் சிவப்பாகத்தான் கணக்கு வைக்கும். மேலாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அது எனக்குப் பெரிதில்லை. ஹாஸ்டலம்மாவின் மகன்தான் என்னைக் கரைத்தான். லைனில் போன் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை, லாக்கரில் வைத்துவிட்டுப் போகவேண்டும். டீ இடைவேளையில் எடுத்துப் பார்த்தால் 'உங்கள் அம்மா மாத்திரை எடுக்கவில்லை' என்று வரிசையாக வந்து நிற்கும். திரும்பக் கூப்பிட நேரம் இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து என் எதிரே நின்றான்.

"அக்கா, அத்தப் பார்த்துட்டு லைன்ல நிக்கவே முடியல. எப்டியாவது பச்சையா வர மாதிரி பண்ணிக் குடுங்கக்கா."

ஹாஸ்டலம்மாவோடு அதே அறையில் இருந்தவர் தென்காசியம்மா. மகளுக்கு இங்கே வேலை கிடைத்தபோது கூட வந்தவர். மகள் இப்போது வெளிநாட்டில். தென்காசியம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. விரல் ரேகை புத்தம் புதிதுபோலப் பதியும். படிக்கத் தெரிந்தவர். சாயங்காலம் வாரப் பத்திரிகையை உரக்கப் படிப்பார், படிக்கத் தெரியாத ஹாஸ்டலம்மா நடு நடுவே, "அந்த மாப்ளைய செருப்பால அடிக்கணும்" என்று கதைக்குள் புகுந்து தீர்ப்புச் சொல்வார். ஒருவர் பேச்சை இன்னொருவர் கிண்டல் செய்துகொண்டே இருப்பார்கள். "கீது கீதுங்கா பாரு" என்று தென்காசியம்மா. "நீ மட்டும் சொல்லுதேன் வாரேன்னு இழுக்கிறியே" என்று ஹாஸ்டலம்மா.

வழியைக் காட்டியதும் ஹாஸ்டலம்மாதான்.

"ரேஷன் கார்டுல பேர் கீற யார் கை வெச்சாலும் அரிசி தரான்ல? நாங்க ரெண்டு பேரும் ஒரே ரூமு. இவ கைய எனக்கும் வெச்சுக்கோ."

இந்தப் பக்கத்தில் இது யாருக்கும் தப்பாகத் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை. ஒவ்வொருவருக்கும் மூன்று விரல்வரை பதிய மிஷினில் இடம் இருந்தது. தென்காசியம்மாவின் வலது கட்டைவிரல் அவர் பெயரில் இருந்தது. இடது கட்டைவிரலை ஹாஸ்டலம்மாவின் பெயரில் நான் பதிந்தேன். மிஷின் ஏன் என்று கேட்கவில்லை. அன்றிலிருந்து தென்காசியம்மா காலையில் வலது விரலை வைப்பார், ஓர் உறை. இடது விரலை வைப்பார், இன்னோர் உறை. இரண்டையும் எடுத்துக்கொண்டு அறைக்குப் போய், பெயரைப் படித்து, ஹாஸ்டலம்மாவுடையதை அவருக்குக் கொடுப்பார். பலகையில் எண் ஏறிக்கொண்டே போனது. மகன் எனக்கு அரை கிலோ மைசூர்பாகு வாங்கி வந்தான். விரல் விஷயத்தை மேலாளரிடம் நான் சொல்லவில்லை. அவரும் எப்படிச் சரியானது என்று கேட்கவில்லை.

மாதங்கள் ஓடின. தென்காசியம்மா சொன்னதையே சொல்ல ஆரம்பித்திருந்தார். காலையில் கேட்டதை மதியம் கேட்பார். நாங்கள் கவனித்திருக்க வேண்டும். ஆனால் கேள்வி கேட்டால் பதில் ஹாஸ்டலம்மாவிடமிருந்து வந்துவிடும். "இன்னிக்கு என்ன கிழமைம்மா?" என்று டாக்டர் அவரைக் கேட்டால், "வியாழன்னு இப்பதான் சொல்லிக்கினு இருந்தா" என்று இவர் முந்திக்கொள்வார். மறதிக்காரர்களை மேல் மாடியில் பூட்டிய பகுதியில் வைப்பார்கள். தோழியை அங்கே அனுப்பிவிடக் கூடாது என்று ஹாஸ்டலம்மா மறைத்திருக்கிறார். இவருடைய கையை அவர் பார்த்துக்கொண்டார், அவருடைய மறதியை இவர் பார்த்துக்கொண்டார்.

ஆடி மாதத்தில் ஒருநாள் ஹாஸ்டலம்மா மருந்து அறை வாசலில் வந்து நின்றார். நான் கணினியில் சரக்குக் கணக்கை ஏற்றிக்கொண்டிருந்தேன்.

"இன்னா கண்ணு, மாத்திரை வேற மாதிரி கீது. கலர் மாறிக்கீது."

அந்த வாரம் பலருக்கு மாத்திரைக் கம்பெனி மாறியிருந்தது. பழைய வெள்ளை இளஞ்சிவப்பாகவும், பழைய மஞ்சள் வெள்ளையாகவும் வந்திருந்தன. அந்தக் கேள்வியை அன்று காலையிலேயே நாலு பேர் கேட்டுவிட்டார்கள்.

"கம்பெனி மாறியிருக்கும்மா. சாப்பிடுங்க, ஒண்ணும் ஆகாது" என்றேன். தலையைத் தூக்கவில்லை. அவர் கையில் உறை இருந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. தலையைத் தூக்கியிருந்தால், வாங்க என்று சொல்லி உறையை வாங்கிப் பார்த்திருந்தால், இதை எழுதவேண்டி வந்திருக்காது. இதை நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை நினைக்கிறேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

அதே வாரம் தென்காசியம்மாவுக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. "யாரு பஞ்சாமிர்தம் கொண்டுவந்து குடுத்தது?" என்று கேலி செய்தேன். அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். மிஷின் பச்சையாகவே இருந்தது.

ஆடிக் கிருத்திகை அன்று ஹாஸ்டலம்மா விரதம். வல்லக்கோட்டை முருகனுக்கு வருஷம் தவறாமல் இருப்பார். மாலையில் பூஜை முடிந்துதான் சாப்பாடு. காலையில் தண்ணீரோடு மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டார். மதியம் நான் பார்த்தபோது படுத்திருந்தார், நெற்றியெல்லாம் வேர்வை. எழுப்பினால் குழறலாக, "விரதம் கண்ணு, சாயங்காலம் துன்னுக்கிறேன், தூங்க வுடு" என்றார். மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு வந்தேன். விரலில் ஊசியால் குத்திச் சர்க்கரை பார்க்க ஒரு நிமிஷம் ஆகும். யாருக்கும் தோன்றவில்லை, அவருக்குத்தான் சர்க்கரை கிடையாதே. நாலு மணிக்கு டீ கொடுக்கப்போன பெண் ஓடிவந்து, ஹாஸ்டலம்மா எழுந்திருக்கவில்லை என்றாள்.

கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆம்புலன்ஸ் ஊர்ந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சர்க்கரை மிகவும் கீழே கிடந்தது. "சர்க்கரை மாத்திரை சாப்பிடுறவங்களா?" என்று டாக்டர் கேட்டார். "இல்லை டாக்டர்" என்றேன். சொல்லி முடிக்கும்போதே அந்த இடது கட்டைவிரல் நினைவுக்கு வந்தது.

திரும்பி வந்து அவர்கள் அறைக்குப் போனேன். ஹாஸ்டலம்மா கட்டிலின் பக்கத்துக் குப்பைக்கூடையில் கிழித்த உறை ஒன்று கிடந்தது. அதில் தென்காசியம்மாவின் பெயர். அந்தக் கூடையைத் தினமும் காலி செய்வார்கள், அதனால் முந்தைய நாட்களின் உறைகள் இல்லை. எத்தனை நாளாக மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. உறையை நாலாக மடித்து என் பர்ஸில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பயம். வேறு என்ன சொல்வது? எனக்கும் இரண்டு பிள்ளைகள், மருந்தாளுநர் பதிவு போய்விட்டால் மருந்துக்கடையில்கூட நிற்கமுடியாது என்ற பயம்.

ஐந்தாம் நாள் ஹாஸ்டலம்மா இறந்துபோனார். ஆஸ்பத்திரி வராந்தாவில் மகன் கம்பெனிச் சீருடையோடு உட்கார்ந்திருந்தான். போனை என்னிடம் நீட்டினான்.

"அன்னிக்குக் காலைல கூட பச்சையாத்தானக்கா வந்துச்சு? பாருங்க. எட்டு பத்துக்கு."

பார்த்தேன். பச்சையாகத்தான் வந்திருந்தது.

காரியம் முடிந்த மறுநாள் மேலாளர், சர்க்கரை இறங்கிப்போனதாக ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்ததைப் பார்த்துவிட்டு, கேமராப் பதிவைத் தேடி எடுத்துவிட்டார். தென்காசியம்மா மட்டும் மிஷின் முன்னால் நிற்கிறார், இரண்டு உறைகளை எடுத்துக்கொண்டு போகிறார். மகனை வரச்சொன்னார். தென்காசியம்மாவையும் அழைத்துவந்து திரைமுன் உட்காரவைத்தார். நானும் அந்த அறையில்தான் இருந்தேன், கதவுப் பக்கத்தில்.

"பாருங்கம்மா, நீங்கதான் ரெண்டு பாக்கெட்டும் எடுக்குறீங்க. உங்க சர்க்கரை மாத்திரைய அவங்களுக்குக் குடுத்துட்டீங்க. அதனாலதான் போயிட்டாங்க."

தென்காசியம்மா திரையைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார்.

"நானா?" என்றார். "நானா குடுத்தேன்?"

நான் பேசியிருக்கவேண்டியது அப்போதுதான். வாய் நீளம் என்று பெயர் வாங்கியவள், அன்று ஊமையாக நின்றேன். 'உடன் தங்கியிருந்தவரின் மறதியால் நேர்ந்த தவறு' என்று அறிக்கை எழுதினார்கள். சாட்சியாக என் கையெழுத்தும் கேட்டார்கள். போட்டேன். தென்காசியம்மாவை மேல் மாடிக்கு மாற்றினார்கள்.

சில நாட்கள் கழித்து மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா விசாரணைக்கு வந்தார். அதட்டவில்லை, ஒன்றும் இல்லை. கேமராப் பதிவை மூன்று தடவை போட்டுப் பார்த்தார். பிறகு மேலாளரிடம் திரும்பினார்.

"இறந்தவங்க மிஷின் பக்கமே வரலையே. அவங்க விரல் இல்லாம அவங்க பாக்கெட் எப்படிங்க விழுந்துச்சு?"

மேலாளர் மிஷின் கம்பெனியைக் கேட்கவேண்டும் என்றார். அதற்கு மேல் எனக்கு முடியவில்லை. பர்ஸைத் திறந்து மடித்த உறையை மேசைமேல் வைத்தேன்.

"இடது கட்டைவிரல் நான் பதிஞ்சது மேடம்" என்றேன். கலர் மாறியிருக்கிறது என்று ஹாஸ்டலம்மா வந்து கேட்டதையும் சொன்னேன். அதை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. இருந்தாலும் சொன்னேன்.

மகனிடமும் போய்ச் சொன்னேன். "நான்தானக்கா கேட்டேன்" என்றான். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என் பதிவு பற்றிய விசாரணை இன்னும் முடியவில்லை. மருந்து அறைச் சாவி இப்போது தலைமை நர்ஸிடம் இருக்கிறது. ஆனால் மாவட்ட அலுவலகத்தில் விதிமுறை எழுத உட்கார்ந்தவர்கள், எங்கே தப்பு நடக்கும் என்று தெரிந்தவள் என்று என்னையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். எங்கள் வட்டாரத்தில் மிஷின் வைத்திருக்கும் இல்லங்களுக்கு இப்போது சில நிபந்தனைகள் உண்டு. ஒருவர் பெயரில் இன்னொருவர் விரலைப் பதியக் கூடாது. விரல் பதியாதவருக்கு நர்ஸ் கையால் கொடுத்து, விழுங்குவதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும். அதைச் சிவப்பாகக் கணக்கு வைக்கக் கூடாது. படிக்கத் தெரியாதவரின் உறையில் அவர் படம் இருக்கவேண்டும். மாத்திரையின் நிறம் மாறினால் அவரிடம் நேரில் காட்டிச் சொல்லவேண்டும். கடைசியாக ஒன்று, நான் பிடிவாதமாகச் சேர்க்கச் சொன்னது: வேண்டாம் என்கிறவருக்கு மருந்தைச் சாப்பாட்டில் மறைத்துக் கொடுக்கக் கூடாது. ஏமாற்றி உள்ளே தள்ளிய மாத்திரைக்கும் பச்சை விளக்குதானே எரியும் என்று கேட்டேன். ஒப்புக்கொண்டார்கள். பலகையையும் கழற்றச் சொன்னார்கள்.

தென்காசியம்மா அன்று அந்தத் திரையைப் பார்த்ததிலிருந்து மாத்திரை சாப்பிடுவதில்லை. யார் மாத்திரையைக் கொண்டுபோனாலும் இரண்டு கட்டைவிரல்களையும் உள்ளே மடக்கி முஷ்டியை இறுக்கிக்கொள்கிறார். "நான் தொடமாட்டேன்" என்கிறார். ஊசி போட நர்ஸ் போனாலும் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுகிறார். காலில் ஒரு புண் வந்திருக்கிறது, ஆறவில்லை. மகள் வெளிநாட்டிலிருந்து போனில் அழுகிறாள். சட்னியில் பொடித்துப் போட்டுவிடலாமா என்று நர்ஸ் என்னைக் கேட்டாள். கூடாது என்று எழுதியவளே நான்தான்.

மறதி அவரிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துப்போகிறது. மகள் பெயர் போய்விட்டது. ஹாஸ்டலம்மா எப்படிப் பேசுவார் என்பதுகூடப் போய்விட்டது. ஒன்று மட்டும் போகவில்லை. தான் கொடுத்ததால் அவள் செத்துப்போனாள் என்பது மட்டும் அப்படியே இருக்கிறது.

அதனால் தினமும் காலை எட்டு மணிக்கு நான் மேல் மாடிக்குப் போகிறேன். அவர் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்கிறேன். அம்மா, உங்க மேல தப்பு இல்ல. உங்க விரலை அவங்க பேர்ல பதிஞ்சது நான். உங்களுக்கு ஞாபகம் தப்புறதைக் கவனிக்காதது நான். அவங்க வந்து கேட்டப்போ தலையத் தூக்காம பதில் சொன்னது நான். உங்களை மேனேஜர் குத்தம் சொன்னப்போ வாயைத் திறக்காம நின்னதும் நான். அவர் கேட்டுக்கொள்வார். சில நாள் தலையை ஆட்டுவார். மறுநாள் காலையில் அது எதுவும் அவரிடம் இருக்காது, மறுபடியும் முஷ்டி இறுகியிருக்கும், மறுபடியும் சொல்லவேண்டும்.

போன வாரம் ஒருநாள் சொல்லி முடித்ததும், என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நெடுநாளைக்குப் பிறகு முஷ்டியைப் பிரித்து, என் கன்னத்தைத் தடவினார். இன்றைக்கு நம்பிவிட்டார் என்று நினைத்தேன். தண்ணீர் டம்ளரைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன்.

"ஏட்டி, நீ நல்ல புள்ளட்டி" என்றார். "எனக்காண்டி பழிய உன் தலையில தூக்கிப் போட்டுக்கிடுத. பொய் சொல்லாதட்டி. நான்தான குடுத்தேன், எனக்குத் தெரியும்லா."

அன்றும் அவர் மாத்திரை சாப்பிடவில்லை.